இணைய வகுப்பறை யாருடையது?

1960-ஐ ஒட்டிய மாதங்களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு கூடிக் கூடிக் கலைந்தது. பொறியாளர்கள், கணிதப் பேராசிரியர்கள், உளவியலாளர்கள், நிர்வாகிகள் என்று பல தரப்பினரும் அதில் இருந்தார்கள். கணினியைக் கொண்டு பாடம் நடத்துவதென்றால் எப்படிப்பட்ட ஏற்பாடு வேண்டும் என்று சொல்வதே அவர்கள் வேலை. வாரக்கணக்கில் பேசியும் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. குழுவைக் கூட்டிய இயற்பியலாளர் டேனியல் ஆல்பெர்ட், முயற்சி தோற்றது என்று எழுதிக் கொடுப்பதற்கு முன், தன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டொனால்ட் பிட்சர் என்ற 26 வயது மின்பொறியாளரிடம் இதைப் பற்றிப் பேசினார். பிட்சர் ஏற்கெனவே இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவர். ஒரு மாதிரியைச் செய்து காட்டுகிறேன் என்றார். 1960-லேயே அது ஓடத் தொடங்கியது. பெயர் பிளேட்டோ.

கல்லூரிப் பாடத்துக்கு ஒரு கணினித் தளத்தைத் தேர்வதற்காகக் கூடிய தொடக்ககாலக் குழுக்களில் ஒன்று இப்படித்தான் முடிந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, இன்று தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கல்லூரியின் துறைக் கூட்டத்தில் அதே பேச்சு நடக்கிறது. மூடுலா, கூகுள் கிளாஸ்ரூமா, மைக்ரோசாஃப்ட் டீம்ஸா, ஸ்வயமா என்று பட்டியல் மேசைக்கு வருகிறது. விலை என்ன, செல்போனில் திறக்குமா, வருகைப் பதிவு எடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் இந்தத் தளங்கள் எங்கே பிறந்தன, யார் கைக்குப் போயின, அவற்றை நம்பிய துறைகளுக்கு என்ன ஆனது என்று திரும்பிப் பார்த்தால், இவற்றைவிட முக்கியமான ஒரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது: நாளை இந்தத் தளத்தை விட்டு வெளியேற நேர்ந்தால், துறையின் பாடங்களும் கேள்விகளும் மதிப்பெண்களும் யார் கையில் இருக்கும்?

பிளேட்டோவின் முதல் பதிப்பில் ஒரே நேரத்தில் ஒரு மாணவர்தான் படிக்க முடிந்தது. வெற்றிடக் குழல்களால் ஆன இல்லியாக் கணினி பின்னால் ஓட, மாணவருக்கு முன்னால் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரு தனி விசைப்பலகையும் இருந்தன. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் இரண்டு பேர் படித்தார்கள்.

1972-ல் வந்த நான்காம் பதிப்பு முற்றிலும் வேறு ரகம். அதன் முன் உட்கார்ந்தவரின் கண்ணில் முதலில் படுவது ஆரஞ்சு நிறம். கறுப்புப் பரப்பில் எழுத்தும் கோடும் படமும் ஆரஞ்சாக ஒளிரும். பிட்சரும் ஜீன் ஸ்லாட்டோவும் ராபர்ட் வில்சனும் 1964-ல் இந்தத் திட்டத்துக்காகவே கண்டுபிடித்த பிளாஸ்மா திரை அது; 512-க்கு 512 புள்ளிகள். கணினி நினைவகம் தங்க விலை விற்ற காலத்தில், ஒளிரச் சொன்ன புள்ளி தானாகவே ஒளிர்ந்துகொண்டிருக்கும் திரை இருந்தால், படத்தை நினைவில் வைக்கத் தனியாக நினைவகம் வேண்டியதில்லை என்பதே கண்டுபிடிப்பின் காரணம். திரையின் விளிம்புகளிலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, பரப்பை 256 கட்டங்களாகப் பிரித்தன. மாணவர் விரல் வைத்த கட்டம் எது என்று கணினிக்குத் தெரிந்துவிடும். வேதியியல் பேராசிரியர் ஸ்டான்லி ஸ்மித் எழுதிய பாடங்களில், குடுவை உடையும் பயமில்லாமல் மாணவர்கள் திரையிலேயே காய்ச்சி வடித்துப் பழகினார்கள்.

பாடத்தை எழுதியவர்கள் அந்தந்தத் துறை ஆசிரியர்கள். அதற்கு வழி செய்தவர் பால் டென்சார். விலங்கியல் ஆராய்ச்சி மாணவரான அவர், நிரல் எழுதத் தெரியாத ஆசிரியரும் பாடம் எழுதும்படி 1967-ல் 'டியூட்டர்' என்ற கணினி மொழியை உருவாக்கினார். 1973 கோடையில், டேவிட் உல்லி என்ற 17 வயது மாணவர் பிளேட்டோவில் 'நோட்ஸ்' என்ற பகுதியை எழுதினார். பிழைகளைத் தெரிவிப்பதற்கென்று தொடங்கிய அது, மாணவர்களும் ஆசிரியர்களும் எதைப் பற்றியும் பேசிக்கொள்ளும் இடமாக வளர்ந்தது. பாடம், பயிற்சி, கலந்துரையாடல் என்று இன்றைய தளங்களில் இருக்கும் பெரும்பகுதி, இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கும் அர்பானா நகரத்தில் அப்போதே இருந்தது.

1976 முதல் கன்ட்ரோல் டேட்டா கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனம் பிளேட்டோவை வணிகமாக விற்க முனைந்தது. நிறுவனத் தலைவர் வில்லியம் நாரிஸ் இதில் பெரும் நம்பிக்கை வைத்துப் பணத்தைக் கொட்டினார். ஆனால் பிளேட்டோவுக்கு ஒரு பெருங்கணினி வேண்டும். அதோடு முனையங்களை இணைக்கத் தொலைபேசிக் கம்பி வேண்டும். மேசைக் கணினி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தச் செலவைக் கல்லூரிகளால் நியாயப்படுத்த முடியவில்லை. டியூட்டர் மொழியில் எழுதிய பாடம் பிளேட்டோவுக்கு வெளியே அப்படியே ஓடாது. ஆயிரக்கணக்கான மணி நேர ஆசிரியர் உழைப்பு, அது எழுதப்பட்ட தளத்தோடு கட்டுண்டு கிடந்தது.

அடுத்த கட்டம் கனடாவின் வான்கூவரில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் பாடம் நடத்திய மரே கோல்ட்பெர்க், 1995-ல் தன் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் வகுப்பை வைத்து ஒரு சோதனை செய்தார். சில மாணவர்களுக்கு வகுப்பறை மட்டும், சிலருக்கு இணையப் பக்கங்கள் மட்டும், சிலருக்கு இரண்டும். இரண்டும் கிடைத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். சோதனையில் அவருக்கு உறைத்த இன்னொன்று, ஒரு தாளுக்கு இணையப் பக்கங்கள் உருவாக்குவதில் இருந்த பாடு. பேச்சுப் பலகை, தேர்வு, மதிப்பெண் பட்டியல் என்று ஒவ்வொன்றையும் கையால் கட்ட வேண்டியிருந்தது. வேறு துறை ஆசிரியருக்கு இது சாத்தியமே இல்லை என்று கண்டு, ஒரு கருவித் தொகுப்பை எழுதினார். அதுதான் வெப்சிடி. 1996 மே மாதம் பாரிஸில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் அதை அறிமுகப்படுத்தினார்.

அந்தக் காலத்தில் தேர்வு செய்யும் அதிகாரம் உண்மையிலேயே துறையிடம் இருந்தது. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் வெப்சிடியைப் பதிவிறக்கித் துறையின் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். பாடத்தை உருவாக்கிப் பார்க்கக் காசில்லை. மாணவர்களை உள்ளே விடும்போதுதான் உரிமக் கட்டணம். ஒரே பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறை ஒரு தளத்திலும் வரலாற்றுத் துறை இன்னொன்றிலும் இருந்தன.

ஆனால் மாணவருக்கு ஐந்து தாளுக்கு ஐந்து பாஸ்வேர்டு என்றானபோது முறையீடுகள் எழுந்தன. மாணவர் சேர்க்கைப் பட்டியலோடு தளம் தானாக இணைய வேண்டும், தேர்வு நேரத்தில் சர்வர் படுத்துவிடக் கூடாது என்ற தேவைகளும் சேர்ந்துகொண்டன. 2000-க்குப் பிறகு முடிவெடுக்கும் மேசை துறையிலிருந்து பல்கலைக்கழகக் கணினி மையத்துக்கு நகர்ந்தது. வாங்குபவர் பெரியவரானதால் விற்பவரும் பெரியவரானார்.

அந்தப் பெரிய விற்பனையாளர் பிளாக்போர்டு. மாத்யூ பிட்டின்ஸ்கியும் மைக்கேல் சேசனும் 1997-ல் வாஷிங்டனில் தொடங்கிய நிறுவனம் அது. அடுத்த ஆண்டே கார்னெல் பல்கலைக்கழகத்தில் முளைத்த கோர்ஸ்இன்ஃபோ என்ற சிறு நிறுவனத்தோடு இணைந்து வளர்ந்தது. வெப்சிடி 1999-லேயே கோல்ட்பெர்க் கையிலிருந்து ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குப் போய்விட்டது. 2006 பிப்ரவரியில் அந்த வெப்சிடியையும் பிளாக்போர்டு வாங்கிக்கொண்டது. பல ஆண்டுகள் போட்டியாளர்களாக இருந்த இரண்டில் ஒன்றை ஆராய்ந்து தேர்ந்த கல்லூரிகள், எதைத் தேர்ந்திருந்தாலும் ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் ஆயின. வெப்சிடி என்ற பெயர் கொஞ்ச காலத்தில் மறைந்தது. அந்தத் தளம் பிறந்த பல்கலைக்கழகமே பின்னர் 2018-ல் கேன்வாஸ் என்ற மூன்றாவது தளத்துக்கு மாறியது.

அதே 2006 ஜனவரியில் பிளாக்போர்டுக்கு ஓர் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் முக்கியக் கூறுகளில் ஒன்று, ஒரே லாகின் வைத்திருக்கும் ஒருவர் ஒரு பாடத்தில் ஆசிரியராகவும் இன்னொன்றில் மாணவராகவும் இருக்கலாம் என்பது. ஆராய்ச்சி மாணவர் இளங்கலை வகுப்புக்குப் பாடம் எடுப்பது எந்தப் பல்கலைக்கழகத்திலும் அன்றாட வழக்கம். அதைக் கணினியில் செய்யும் முறை ஒரு நிறுவனத்தின் சொத்தாக முடியுமா? ஜூலையில், கனடாவின் டிசையர்டூலேர்ன் என்ற சிறிய போட்டி நிறுவனத்தின் மீது டெக்சாஸ் மாநிலத்தின் லஃப்கின் நகரில் பிளாக்போர்டு வழக்குப் போட்டது.

ஆசிரியர்கள் கொதித்துப்போனார்கள். பிளேட்டோ காலம் தொட்டு தாங்களே கட்டி, பகிர்ந்து, திருத்தி வந்த ஒன்றுக்கு இன்னொருவர் வேலி போடுகிறார் என்று அவர்களுக்குப் பட்டது. இந்தத் தொழில்நுட்பம் பிளாக்போர்டுக்கு முன்பே இருந்தது என்பதற்கான ஆதாரங்களைப் பல நாட்டுக் கல்வியாளர்கள் சேர்ந்து திரட்டி விக்கிப்பீடியாவில் ஒரு நீண்ட காலவரிசையாக எழுதினார்கள். இணையவழிக் கல்வித் தளங்களின் வரலாறு இவ்வளவு விரிவாக எழுதப்பட்டதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். 2008 பிப்ரவரியில் நடுவர் குழு பிளாக்போர்டுக்கு 31 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 2009 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமையின் கூறுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டின் இறுதியில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன.

வழக்கு நடந்த காலத்தில், காப்புரிமையால் தங்களுக்கும் ஆபத்து வருமோ என்று அஞ்சியவர்களில் மூடுல் சமூகத்தினரும் உண்டு. மூடுலை உருவாக்கிய மார்ட்டின் டுகியமாஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர். பக்கத்தில் பள்ளி இல்லை. வானொலி வழியே ஆசிரியரின் குரல் வரும். பாடத்தாள்கள் விமானத்தில் வரும். இப்படிப் படித்து வளர்ந்த பிள்ளை, பின்னர் பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடி தளத்தை நிர்வகிக்கும் வேலைக்கு வந்தார். அதன் போதாமைகள் அவரை உறுத்தின. மாணவர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து ஆக்கிக் கற்க வேண்டும் என்ற கல்விக் கொள்கையை முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டே, தானாக ஒரு தளத்தை எழுதினார். 2002 ஆகஸ்ட் 20-ல் மூடுலின் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், தங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் அதை விட்டார்.

கட்டற்றது என்றதும் செலவில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2005-ல் மூடுலைத் தேர்ந்தபோது, அதைத் தன் தேவைக்கு ஏற்ப வளர்க்கும் திட்டத்துக்குச் சுமார் 50 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. அந்தப் பணம் உரிமக் கட்டணமாகக் கரைந்துபோகாமல் ஆட்களுக்கும் வேலைக்கும் போனது. அவர்கள் செய்த மேம்பாடுகள், குறிப்பாக வினாக்களையும் தேர்வுகளையும் பற்றியவை, மூடுலின் பொதுப் பதிப்பில் சேர்ந்தன. உலகின் எந்த மூலையிலுள்ள சிறு கல்லூரியும் அதன் பலனைப் பெற்றது.

லாஸ் ஏஞ்சலிஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிக்கல் வேறு. அங்கே துறைகளும் கல்லூரிகளும் தங்கள் தங்கள் தளங்களைப் பல ஆண்டுகளாக நடத்திவந்தன. எல்லோருக்கும் பொதுவான ஒன்றைத் தேடியபோது, பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2004-ல் தொடங்கிய சக்காய் ஒரு பக்கமும் மூடுல் ஒரு பக்கமும் நின்றன. 2006 இறுதியில் மூடுல் என்று முடிவாயிற்று. ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதில் இருந்துவிட்டு, பின்னர் கேன்வாஸுக்குப் போனார்கள். மூடுல் பிறந்த கர்ட்டின் பல்கலைக்கழகமோ நெடுங்காலம் பிளாக்போர்டைப் பயன்படுத்தியது. எந்தத் தேர்வும் நிரந்தரமாக இருந்ததில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வீடு மாற வேண்டியிருக்கும் என்று தெரிந்தே குடியேறுவதுதான் விவேகம்.

வீடு மாறும்போது என்ன நடக்கும் என்பதற்குக் கேள்வி வங்கி நல்ல உதாரணம். ஒரு துறையின் உண்மையான சேமிப்பு அதுதான். ஆண்டுக்கணக்கில் ஆசிரியர்கள் யோசித்து எழுதிய கேள்விகள், மாணவர் எங்கே தவறுவார் என்று தெரிந்து வைத்த தவறான விடைகள் எல்லாம் அதில் இருக்கும். மூடுல் ஏற்கும் வடிவங்களில் 'கிஃப்ட்' என்று ஒன்று உண்டு. வெறும் நோட்பேடில் தட்டக்கூடிய எளிய வடிவம். முதலில் கேள்வி, அதை அடுத்து ஓர் அலை அடைப்புக்குறி. அடைப்புக்குள் சரியான விடைக்கு முன் ஒரு சமக்குறி, தவறான ஒவ்வொன்றுக்கும் முன் ஓர் அலைக்கோடு. அவ்வளவுதான். 'தொல்காப்பியத்தில் எத்தனை அதிகாரங்கள்?' என்று எழுதி, அடைப்புக்குள் சமக்குறி போட்டு மூன்று, அலைக்கோடு போட்டு நான்கு, இன்னோர் அலைக்கோட்டில் ஒன்பது என்று எழுதி மூடினால் கேள்வி தயார். இப்படி 500 கேள்விகள் இருக்கும் கோப்பு ஒரு புகைப்படம் அளவுகூட இடம் பிடிக்காது. இருபது ஆண்டு கழித்தும் எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். மாறாக, ஒரு நிறுவனத்தின் திரையில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் சேர்த்த கேள்விகள், அந்த நிறுவனம் வெளியே எடுக்க வழி வைத்திருந்தால்தான் வெளியே வரும்.

தமிழ்த் துறைகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் முன்னதாகவே பழக்கம். எழுத்துருவின் வழியாக அது வந்தது. 1990-களில் ஆளுக்கொரு எழுத்துரு. பாமினியில் தட்டிய பாடம், பாமினி இல்லாத கணினியில் அர்த்தமற்ற ரோமன் எழுத்துக் குவியலாகத் திறந்துகொள்ளும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்ற தரங்களை வகுத்தது அந்தக் குழப்பத்துக்கு முடிவு காணத்தான். அதே மாநாட்டில் அறிவிக்கப்பட்ட திட்டமே 2001 பிப்ரவரி 17-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து தொலைநிலைக் கல்வியின் நெளிவு சுளிவுகளை அறிந்த வா.செ. குழந்தைசாமி அதன் முதல் தலைவர். அயல்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே தமிழ் படிக்கச் சான்றிதழ், பட்டயம், பட்டம் என்று படிகளை வகுத்தார்கள். மூடுல் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு அது. ஆயத்தத் தளத்தை வாங்கிப் போட வழியில்லாத காலத்தில், பாடத்தோடு அதைக் காட்டும் இணையதளத்தையும் தமிழுக்கென்றே உருவாக்க வேண்டியிருந்தது.

யூனிகோடு பரவிய பிறகுதான் தமிழில் எழுதியதை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போவது எளிதானது. மூடுல் 2006-ல் வெளியிட்ட 1.6 பதிப்பில் முழுமையாக யூனிகோடுக்கு மாறியது. தமிழ்க் கேள்வியும் ஆங்கிலக் கேள்வியும் ஒரே தேர்வில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடிந்தது.

இதற்குள் சென்னையில் வேறொரு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. பொறியியல் கல்லூரிகள் பெருகிய அளவுக்கு ஆசிரியர்கள் பெருகவில்லை, ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்பைப் பதிவு செய்து எல்லோருக்கும் தரலாம் என்பது எண்ணம். சென்னை ஐ.ஐ.டி. அதில் முன்னணியில் நின்றது. அன்றைய இயக்குநர் எம்.எஸ். அனந்த் அதை முனைந்து நடத்தினார். கரும்பலகை முன் நிற்கும் பேராசிரியரின் வீடியோக்கள் யூடியூப் வழியே ஊர் ஊராகச் சென்றன. தேர்வுக்கு முந்தைய இரவில் அவற்றைப் பார்த்து அரியர் போட்ட தாளைத் தாண்டியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 2014 மார்ச்சில் சான்றிதழ்ப் படிப்புகள் தொடங்கின. வாராந்தர அசைன்மென்ட் இணையத்தில். இறுதித் தேர்வு மட்டும் நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

இங்கே ஒரு புதிய கேள்வி முளைக்கிறது. பிளேட்டோவும் வெப்சிடியும் மூடுலும் ஒரு துறையின் ஆசிரியர் தன் பாடத்தை வைத்துக்கொள்ளும் இடங்கள். இப்போது வந்ததோ வேறோர் இடத்துப் பேராசிரியரின் பாடம். அதை ஏற்கும் துறையின் ஆசிரியருக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியை உலகத்தின் காதில் விழும்படி கேட்டது ஒரு சாதாரண அரசுப் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறை. கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் 2012-ல், ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து அந்த ஆண்டு தொடங்கிய எடெக்ஸ் தளத்திலிருந்து மின்சுற்றுப் பாடம் ஒன்றை எடுத்துத் தன் பொறியியல் வகுப்பில் பயன்படுத்தியது. மாணவர்கள் வீட்டில் வீடியோ பார்த்துவிட்டு வந்து வகுப்பில் கணக்குப் போட்டார்கள். தேர்ச்சி கூடியது என்று நிர்வாகம் மகிழ்ந்தது. அடுத்து, ஹார்வர்டின் மைக்கேல் சாண்டல் நடத்தும் புகழ்பெற்ற 'நீதி' பாடத்தைத் தத்துவத் துறை பயன்படுத்தலாம் என்று பேச்சு வந்தது. 2013 ஏப்ரலில் துறை ஆசிரியர்கள் சாண்டலுக்கே ஒரு திறந்த மடல் எழுதி மறுத்தார்கள்.

அவர்கள் வாதம் ஆழமானது. நீதி பற்றிய பாடத்தை நடத்தத் தகுதியான ஆசிரியர்கள் தங்களிடமே இருக்கிறார்கள். வெளியிலிருந்து வாங்கித் தீர்க்க வேண்டிய குறை எதுவும் துறையில் இல்லை. நாடெங்கும் எல்லாத் தத்துவத் துறைகளும் ஒரே மனிதரின் நீதிப் பாடத்தைக் கேட்டால், நீதி பற்றிய விவாதத்துக்கே இடமிருக்காது. வசதியுள்ள கல்லூரியின் மாணவர் பேராசிரியரோடு நேரில் வாதாடுவார். வசதியற்ற கல்லூரியின் மாணவர் அந்த உரையாடலை வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பார். தன் வகுப்புகள் வேறு கல்லூரி ஆசிரியர்களைப் பலவீனப்படுத்தப் பயன்படுவதைத் தான் சற்றும் விரும்பவில்லை என்று சாண்டல் பதில் எழுதினார்.

ஒரே வளாகத்தில் மின்சுற்றுக்கு ஒரு முடிவு, தத்துவத்துக்கு ஒரு முடிவு. இரண்டுமே நியாயமானவை. கிர்ச்சாஃபின் விதிகளை யார் சொன்னாலும் விடை ஒன்று. நீதி எது என்பதில் வகுப்பறையின் வாக்குவாதமே பாடம். தன் பாடத்தின் இயல்பு துறைக்குத்தான் தெரியும் என்பதால் தேர்வும் துறையிடம் இருப்பது நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. எடெக்ஸ் பிறகு 2021-ல் 80 கோடி டாலருக்கு 2யு என்ற வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இலாப நோக்கற்ற தளம் என்று நம்பிச் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் ஒரு நிறுவனத்தின் கூட்டாளிகளாகிவிட்டன.

இந்தியாவில் அந்தக் கேள்வி விதிமுறையாக வந்து சேர்ந்தது. 2017 ஜூலை 9-ல் ஸ்வயம் தளம் தொடங்கிவைக்கப்பட்டது. என்பிடெல்லும் அதன் ஓர் அங்கமானது. ஒரு பருவத்தின் தாள்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கிரெடிட் பெறலாம் என்று 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது. 2021-ல் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. எந்தப் பாடத்தை ஏற்பது, எந்தத் தாளுக்கு ஈடாக ஏற்பது என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்ய வேண்டும். ஆசிரியர் இல்லாத ஒரு விருப்பப் பாடத்தை மாணவருக்குத் தருவதற்கு இது அருமையான வழி. காலியிடங்களை நிரப்பாமல் தள்ளிப்போடவும் இதே வழி உதவும். இரண்டில் எது நடக்கிறது என்பதைப் பாடத்திட்டக் குழுவில் உட்காரும் துறைத் தலைவர்தான் முதலில் அறிவார். அவர் அதைப் பேச வேண்டும்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது ஆராய்ந்து தேர்வதற்கு யாருக்கும் நேரமில்லை. கூகுள் கிளாஸ்ரூம் 2014-லிருந்தே இருந்தது. 2017-லிருந்து தனி ஜிமெயில் கணக்கு வைத்திருந்தாலே வகுப்பு தொடங்க முடிந்தது. பல கல்லூரிகளில் ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் அதில் குடியேறினார்கள். கௌரவ விரிவுரையாளர் ஒருவர் தன் சொந்தக் கணக்கில் தொடங்கிய வகுப்பு, அவர் அடுத்த ஆண்டு வேறு கல்லூரிக்குப் போனபோது அவர் கணக்கிலேயே இருந்தது. அவர் மீது குற்றமில்லை. கல்லூரி வேறு இடம் தரவில்லை.

கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாத சேமிப்பிடம் என்று சொல்லி வந்த கூகுள், 2021 பிப்ரவரியில் அதை மாற்றியது. 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்று வரம்பு வந்தது. இரண்டு ஆண்டு வகுப்புகளை வீடியோவாகச் சேர்த்து வைத்திருந்த பெரிய பல்கலைக்கழகங்கள் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

இலங்கையில் அதே மாதங்களில் நடந்தது கவனிக்க வேண்டியது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்கெனவே மூடுலைத் தங்கள் சர்வர்களில் நடத்திவந்தன. அந்தச் சர்வர்களை லேர்ன் என்ற தேசியக் கல்வி, ஆய்வு வலையமைப்பு இணைத்திருந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு பேசி, பல்கலைக்கழகத் தளங்களுக்கும் லேர்ன் வழியாக நடந்த ஜூம் வகுப்புகளுக்கும் டேட்டா கட்டணம் இல்லாமல் செய்தார்கள். தளங்கள் பல்கலைக்கழகங்களின் சொந்த முகவரியில் இருந்ததால்தான், இந்த முகவரிக்குக் காசு எடுக்காதே என்று சொல்ல முடிந்தது. டேட்டா கார்டு வாங்கக் காசில்லாத மாணவருக்கும் விரிவுரை போய்ச் சேர்ந்தது.

இத்தனையையும் பார்த்த பிறகு துறைக் கூட்டத்துக்கு வருபவர் எந்தத் தளத்தின் பெயரையும் முதலில் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு தாளை எடுத்துக்கொள்ளலாம். உதாரணமாக முதல் பருவத்து அடிப்படைத் தாள் ஒன்று. அதன் ஐந்து அலகுக் குறிப்புகள், நூறு கேள்விகள், ஒரு வகுப்பின் இன்டர்னல் மதிப்பெண்கள் ஆகியவற்றைப் பரிசீலனையில் இருக்கும் தளத்தில் ஏற்றி, பிறகு அவற்றை வெளியே எடுத்து வேறொரு தளத்தில் போட்டுப் பார்க்கலாம். தமிழ் எழுத்து சிதையாமல் வந்ததா, கேள்வியோடு சரியான விடையும் வந்ததா, மதிப்பெண் பட்டியல் எக்செலில் திறந்ததா என்று பார்க்கலாம். நிர்வாகக் கணக்கு ஒரு தனி ஆசிரியரின் பெயரில் இல்லாமல் துறையின் பெயரில் இருக்கிறதா, குறைந்தது இரண்டு பேருக்கு அதன் பாஸ்வேர்டு தெரியுமா என்று கேட்கலாம். ஒவ்வொரு பருவ முடிவிலும் பாடத்தின் பிரதியை எடுத்துத் துறையின் வன்தட்டில் வைக்கும் பொறுப்பு யாருடையது என்று பெயர் குறிக்கலாம். கடைசியாக விலையைக் கேட்கலாம். இந்தச் சோதனையின் முடிவையும் கூட்டக் குறிப்பில் சேர்த்து எழுதி வைத்தால், பத்தாண்டு கழித்து அந்தத் துறைக்கு வரும் புதிய தலைவர், முன்னால் இருந்தவர்கள் எதை நம்பி எதைத் தேர்ந்தார்கள் என்று தேடி அலைய வேண்டியிருக்காது.